பிங்: இருநூற்று முப்பது

ஒளியைக் குறை சொல்லாதீர்கள்.
கண்ணாடி இழைக்குள் அது
நொடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது.
எனக்குத் தெரியும்.
ஃபஹாஹீல் சாலையோரம் குழிக்குள் குந்தி
மயிரைவிட மெல்லிய இரண்டு முனைகளை
உருக்கி ஒட்டுகிறவன் நான்.
ஒட்டு சரியாக விழுந்தால்
இழப்பு புள்ளி பூஜ்யம் இரண்டு என்று மெஷின் காட்டும்.
சூப்பர்வைசர் தலையை ஆட்டிவிட்டு
அடுத்த குழிக்குப் போவார்.

மஹ்பூலாவிலிருந்து மும்பை சர்வருக்குப் போய்த் திரும்ப
கண் சிமிட்டும் நேரத்தில் பாதிகூட வேண்டாம்.
அப்புறம் எங்கே போகிறது மீதி?

ஃப்ளாட்டில் பதினோரு பேர். ஒரு ரவுட்டர்.
தலைக்கு இரண்டு தினார்.
வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குப்
பதினோரு பேருக்கும் ஒரே நேரத்தில் வீட்டு ஞாபகம் வரும்.
எதிர்க் கட்டிலில் இசக்கியப்பன்
மகளிடம் வாய்ப்பாடு கேட்டுக்கொண்டிருப்பான்.
படம் உறைந்து, வாய் திறந்தபடி,
ஏழேழில் நிற்கும் பிள்ளை.
யாரோ மூன்று மணி நேரப் படத்தை இறக்குகிறார்கள்,
கேட்டால் ஒருத்தரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.
சமையல்கட்டில் மைக்ரோவேவுக்குள்
சாளைக் குழம்பு சுற்றுகிற ஒன்றரை நிமிடமும்
என் சிப்பாய் புல்லில் முகம் புதைத்துக் கிடப்பான்.

போன் வேறு கொதிக்கிறது.
வெளியே நாற்பத்தெட்டு டிகிரி, ஏ.சி. கிழடு.
சூடு ஏறினால் போனும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.
அதற்கு யாரும் சம்பளம் பிடிப்பதில்லை.

போன மாதம் கடலடியில் கேபிள் அறுந்ததென்று
கம்பெனி மூன்று மொழியில் செய்தி அனுப்பியது.
மூன்றிலும் மன்னிப்பு இருந்தது.
எப்போது சரியாகும் என்பது ஒன்றிலும் இல்லை.

நேற்று, கடைசி வட்டம்.
நானும் இன்னொருத்தனும்தான் மிச்சம்.
அவன் பெயர் கருவாடு77.
நான் சுவரைத் தாண்டிவிட்டேன்.
என் திரையில் தாண்டிவிட்டேன், சத்தியமாக.

அப்போது
கீழ்க் கட்டிலிலிருந்து கேட்டது
துப்பாக்கிச் சத்தம்.

காற்று வழியாக வந்த சத்தம்.
என் போனில் இன்னும் வெடிக்கவில்லை.
நான் ஓடிக்கொண்டிருந்தேன்.
மூன்றடி மேலே இருப்பவனைச் சுட
மும்பைக்குப் போயிருந்தது தோட்டா.
அது திரும்பி வரும்வரை
செத்தவன் மரியாதையாக ஓடினேன்.
பிறகு விழுந்தேன்,
தாண்டிய சுவருக்கு அந்தப் பக்கமே.

எட்டு மாதமாக ஒரே இரும்புக் கட்டில்.
அவனுக்கு இரவு ஷிப்ட், எனக்குப் பகல்.
அவன் செருப்பைத் தெரியும்.
அவன் துண்டு காய்கிற ஆணியைத் தெரியும்.
வெள்ளிக்கிழமைகளில் அவன் புரண்டால்
என் தலையணை அசையும்.

குனிந்து பார்த்தேன்.
இயர்போன் ஒரு காதறுந்து தொங்க
ஜெயித்தவன் சிரிப்போடு படுத்திருந்தான்.

“கருவாடா?”
“ஆமா. நீங்க?”
சொன்னேன்.
“அட, நீங்களாண்ணே! ஏன் சுவர்கிட்டயே நின்னீங்க?”
“நான் அப்பவே தாண்டிட்டேன்.”
“இல்லண்ணே, நின்னீங்க.”
போனைத் திருப்பி மறுபடி ஓட்டிக் காட்டினான்.
நின்றுகொண்டுதான் இருக்கிறேன்,
சுவரைப் பார்த்தபடி, யாரையோ எதிர்பார்ப்பதுபோல.

பிங் எவ்வளவு என்றேன். நாற்பத்தொன்று.
கட்டில் காலோரமாக, கம்பளிக்கு அடியில்,
ரவுட்டரிலிருந்து திருட்டுத்தனமாக ஒரு நீல வயர்.
முனையில் கிளிப் உடைந்து பேண்டேஜ் சுற்றியிருந்தது.
திட்டத்தான் வாயைத் திறந்தேன்.
கை அதற்குள் வேலைப் பையில் கிரிம்பரைத் தேடியது.

வெட்டி, எட்டு நிறங்களையும் பிரித்து
வரிசையில் அடுக்கும்வரை அவன் டார்ச் பிடித்தான்.
பெயர் கேட்டேன்.
“ரொசாரியோ. மணப்பாடு.”
கேட்ட வாய் மூடுமுன் வந்தது பதில்.

வயர் கழன்று கிடந்த அந்த இரண்டு நிமிடத்தில்
எதிர்க் கட்டிலில் இசக்கியப்பன் மகள்
ஏழெட்டு ஐம்பத்தாறு சொல்லி,
ஏழொன்பது சொல்லி,
எட்டாம் வாய்ப்பாட்டுக்கே போய்விட்டாள்.
நாங்கள் இருவரும் நிமிர்ந்து பார்த்தோம்.

புது முனை என் விரல்களுக்கு இடையில் இருந்தது.
இன்னும் செருகவில்லை.